முத்துக் கரையில் ஓர் எண்ணெய்ச் சொற்கோவை

தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று பெயர். சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடி வரும் விரைவு வண்டிக்கும் அப்பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஆயினும் இன்று அந்நகரின் கடலோரத்தில் நின்று நோக்குபவர் கண்ணில் முத்தெடுக்கும் படகு ஒன்றுகூடத் தென்படாது. உப்பளங்களின் வெண்குவியல்கள், அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள், நிலக்கரி இறக்கும் தளங்கள், எண்ணெய்க் கப்பல்கள் அணையும் தளம், உர ஆலையின் கோபுரங்கள் ஆகியவையே இன்றைய தூத்துக்குடியின் தோற்றம். 1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்ட இத்துறைமுகம், 2011 முதல் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2021 பிப்ரவரி 17 அன்று இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர் நீளமுள்ள இயற்கை எரிவாயுக் குழாய்வழி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நெடுங்காலம் நாஃப்தா என்னும் எண்ணெய் வடிபொருளைக் கொண்டு உரம் செய்துவந்த ஸ்பிக் ஆலை, அவ்வாண்டிலேயே எரிவாயுவுக்கு மாறியது.

நாஃப்தா என்ற அச்சொல்லைச் சற்று உற்றுக் கேளுங்கள். அரபு நாடுகளில் பெட்ரோலியத்திற்கு வழங்கும் ‘நஃப்த்’ என்ற சொல்லின் உடன்பிறப்பு அது. பண்டைய மெசபடோமியாவில் வழங்கிய ஒரு சொல்லே ஒரு கிளையாகக் கிரேக்கம் வழியே ஐரோப்பாவுக்கும், மற்றொரு கிளையாக அரபி மொழிக்கும் சென்றது. ஒரு கிளை ஆங்கிலத்தின் வழியே தூத்துக்குடி உர ஆலைக்கு வந்து சேர்ந்தது. மற்றொரு கிளையை வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே சொல் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார்தாம் இல்லை.

எண்ணெயும் எரிவாயுவும் வரும்போது சொற்களும் உடன் வருகின்றன. அவற்றின் பொருள் தெரியாமல் அத்தொழிலில் நிற்பவருக்கு ஆபத்து உண்டு. ஆங்கிலம், அரபி, உருது, இந்தி, தமிழ் ஆகிய மொழிகளை ஒருங்கே வைத்து, எண்ணெய், எரிவாயுத் தொழிலின் சொற்களை விளக்கும் ஒரு பொதுச் சொற்கோவை நமக்கு வேண்டும். அதை ஆக்கும் முறையை எங்கே கற்பது? இந்த முத்துக் கரையிலேயே கற்கலாம்.

தொழில் பெற்றெடுத்த சொற்கள்

தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் முத்துச்சிப்பி வாழும் பாறைத் திடல்களுக்குப் ‘பார்’ என்று பெயர். தொளாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று. முத்துக்குளிப்பை ஆய்ந்த ஆங்கிலேய அதிகாரிகள் ‘பார்’ என்ற சொல்லைத் தம் மொழியில் பெயர்க்க முயலவில்லை. அப்படியே எழுதிக்கொண்டு, கீழே விளக்கம் தந்தார்கள். படகின் தலைவரைச் ‘சம்மாட்டி’ என்றும், படகு செலுத்துபவரைத் ‘தண்டல்’ என்றும், மூழ்குபவரின் கயிற்றைப் பிடித்து நின்று மேலே இழுப்பவரை ‘மண்டக்’ என்றும் அவ்வறிக்கைகள் குறிக்கின்றன.

முத்துகளைத் தரம் பிரிக்கும் சொற்கள் இன்னும் நுட்பமானவை. உருட்சியும் ஒளியும் குறைவற நிறைந்தது ஆணி. அதற்கு அடுத்தது அணதாரி. பின்னர்க் கையேறல், களிப்பு, குறுவல், பீசல் எனப் படிப்படியாக இறங்கி, மிகச் சிறியது தூள் எனப்படும். முத்தின் பருமன் காணப் பயன்பட்ட பித்தளைச் சல்லடைகளுக்குப் ‘பெட்டி’ என்று பெயர். இருபதாம் பெட்டியில் தொடங்கி ஆயிரமாம் பெட்டி வரை பத்துச் சல்லடைகள். எடைக்கு மஞ்சாடியும் கழஞ்சும். விலை மதிப்புக்குச் செவ்வு என்ற தனிக் கணக்கு. அரபு வணிகரும், செட்டியாரும், மரக்காயரும், ஐரோப்பியரும் இச்சந்தையில் ஒன்றாக அமர்ந்தபோது பெட்டி என்றால் என்ன, செவ்வு என்றால் எவ்வளவு என்பதில் கருத்து வேற்றுமை எழ இடமில்லை. எழுந்தால் ஒருவருடைய ஆண்டு வருமானமே அழிந்துவிடும்.

அகராதி ஆக்குவோர் இங்கே முதற்பாடம் ஒன்றைக் கற்கலாம். பெட்டி என்பதை வீட்டுப் பெட்டியாக எண்ணி மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். சொல்லை முதலில் தொழிலாளியின் வாயிலிருந்து வாங்க வேண்டும். அது குறிக்கும் பொருளைக் கண்ணால் காண வேண்டும். அதன் பின்னரே வேற்றுமொழியில் எழுத வேண்டும்.

புன்னைக்காயலும் காயல்பட்டினமும்

தூத்துக்குடியிலிருந்து தெற்கே சென்றால் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் என்னும் சிற்றூர் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த போர்த்துக்கீசியத் துறவி என்றிக் அன்றீக்கஸ், கடற்கரை மக்களோடு பழகித் தமிழ் கற்று, அதற்கு இலக்கணம் எழுதினார். தமிழ் எழுத்தில் அச்சான தொடக்க கால நூல்கள் அவருடையவை. அவருக்குப் பின்னர் 1679இல், புரோயென்சா பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி மலையாளக் கரையின் அம்பலக்காட்டில் அச்சாயிற்று.

அப்போர்த்துக்கீசியத் தொடர்பு நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் என நாம் வழங்குபவை அவர்கள் விட்டுச் சென்ற சொற்களே. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே தனியே எடுத்துக்கொள்வோம்: பீப்பாய். ‘பீப்பா’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு இத்தனை டாலர் என்று நாளிதழில் படிக்கிறோமே, அந்தப் பீப்பாய் ஏறத்தாழ 159 லிட்டர் கொண்ட ஓர் அளவு. ஐரோப்பியர் மது நிரப்பிய மரக்கலத்தின் பெயர், உலக எண்ணெய்ச் சந்தையின் அளவைக்குத் தமிழ்ப் பெயராகிவிட்டது!

புன்னைக்காயலைக் கடந்து மேலும் தெற்கே சென்றால் காயல்பட்டினம். மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் இப்பகுதியைச் சார்ந்ததே. அரபுக் குதிரைகள் இங்கே வந்து இறங்கின. முத்தும் துணியும் இங்கிருந்து சென்றன. பாண்டிய நாட்டுக் கடற்கரையை அரபியர் ‘மஅபர்’ என்றார்கள். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். அவ்வுறவில் கடற்சொற்களும் கலந்தன. மாலுமி என்று நாம் சொல்வது ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லே. மதரஸாவில் பாடம் சொல்பவருக்கும், நடுக்கடலில் திசை சொல்பவருக்கும் ஒரே பெயர்! சுக்கான் அரபியிலிருந்து வந்தது. நங்கூரம் பாரசீகத்தின் ‘லங்கர்’ வழியில் வந்தது.

இதற்கு மேலும் ஒரு படி சென்றவர்கள் நம் முன்னோர்கள். தமிழின் ஒலிகளுக்கு ஏற்ப அரபு எழுத்துகளில் குறிகள் சேர்த்து அரபுத் தமிழை ஆக்கினார்கள். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் இயற்றினார்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் எத்தனையோ பெண்மணிகள் வீட்டிலிருந்தவாறே மார்க்கச் சட்டங்களைத் தெரிந்துகொண்டது அந்நூல்களால்தான். இரு மொழிகளுக்கு இடையே பாலம் அமைப்பது நம் சமுதாயத்திற்குப் புதிய வேலையன்று.

இரு முத்துக் கரைகள்

மன்னார் வளைகுடாவைப் போலவே பாரசீக வளைகுடாவும் பண்டைய முத்துக் கரை. அங்கே மூழ்குபவர் ‘கவ்வாஸ்’. கயிறு இழுப்பவர் ‘ஸைப்’. கலத்தின் தலைவர் ‘நூகதா’. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரும் முத்துக்குளிப்புகளுக்கு அரபியர் பலர் வந்தனர். காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரதவர்களும் அதே கடலில் மூழ்கினர். அரபியர் கொம்பால் செய்த கவ்வியை மூக்கில் செருகிக்கொள்ள, நம்மவர் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினர். முறை வேறு, மூச்சும் உயிரும் ஒன்றே. கயிற்றை அசைத்தால் மேலே தூக்க வேண்டும் என்பது எம்மொழிக்காரருக்கும் புரிந்த குறிப்பு.

பின்னர் ஜப்பானின் வளர்ப்பு முத்தும், 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் வளைகுடாவின் முத்துத் தொழிலைச் சாய்த்தன. அதே காலத்தில் 1932இல் பஹ்ரைனிலும், 1938இல் குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் எண்ணெய் கண்டார்கள். முத்துக் குளித்த குடும்பங்கள் எண்ணெய்த் துறைக்குச் சென்றன. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக 1961இல் நடந்தது. 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிக்கு அருகே வளர்ப்பு முத்து விளைவித்து வெற்றி கண்டனர். எனினும் பழைய சந்தை திரும்பவில்லை. நம் இளைஞர்கள் தேடிச் சென்றது அதே வளைகுடாவைத்தான், இம்முறை எண்ணெய்க்காக.

முத்துச் சொற்கள் இங்கிருந்து உலகுக்குச் சென்றன. எண்ணெய்ச் சொற்கள் உலகிலிருந்து இங்கே வருகின்றன. முன்னதில் நாம் பொருள் சொல்பவர்கள். பின்னதில் பொருள் தெரியாமல் தலையசைப்பவர்களாக ஆகிவிடலாகாது.

நேர் மொழிபெயர்ப்பின் ஆபத்து

எண்ணெய்க் கிணறு தோண்டுமிடத்தில் ஆங்கிலச் சொற்கள் விந்தையான பொருளில் வழங்குகின்றன. கிணற்றுக்குள் தவறி விழுந்த கருவியை மீட்பதற்கு ‘ஃபிஷிங்’ என்று பெயர். மீன்பிடிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘மட்’ என்பது சேறன்று. துளையிடும்போது கிணற்றினுள் செலுத்தும் கலவை நீர்மம். ‘கிறிஸ்துமஸ் ட்ரீ’ என்பது கிணற்றின் வாயில் அமைந்த அடைப்பிதழ்களின் தொகுதி. ‘கில்’ என்றால் கனமான கலவையைச் செலுத்திக் கிணற்றின் பொங்குதலை அடக்குவது. குழாயின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டு ஓடும் கருவிக்குப் ‘பிக்’ என்று பெயர். அதனைப் பன்றி என்று பெயர்த்துக் கொடுத்தால் நம் வீட்டுப் பிள்ளை என்ன நினைப்பான்!

இவை சிரிப்புக்கு இடமளிப்பவை. உயிருக்கு உலை வைப்பவையும் உண்டு. ‘சவர் கேஸ்’ என்பதைப் புளித்த வாயு என்று பெயர்த்தால், கெட்டுப்போன ஏதோ ஒன்று என்றே தோன்றும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு கலந்த வாயு என்பதே அதன் பொருள். சிறிதளவில் அது அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகும்போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுபவன் அந்நேரத்தில்தான் சாவின் வாயிலில் நிற்கிறான். அது காற்றைவிடக் கனமானதால் பள்ளங்களில் தேங்கும். தப்புபவர் காற்றுக்கு எதிரான திசையில் மேடான இடம் நோக்கிச் செல்ல வேண்டும். இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ‘புளித்த’ என்ற சொல்லில் இவற்றுள் எது இருக்கிறது?

ஒலியால் ஒத்திருந்து பொருளால் வேறுபடும் சொற்களும் இடர் தருபவை. வண்டிக்கு ஊற்றுவதை நாம் பெட்ரோல் என்கிறோம்; எழுத்து வழக்கு அரபியில் ‘பித்ரூல்’ என்பது பெட்ரோலியத்தையே குறிக்கும். நம் பெட்ரோல் அவர்களுக்குப் ‘பன்ஸீன்’. வேதியியல் நூலில் வரும் பென்சீனோ புற்றுநோய் விளைவிக்கக்கூடிய தனிப்பொருள். தமிழுக்குள்ளேயே வேற்றுமை உண்டு. நாம் அழுத்தம் என்பதை இலங்கைத் தமிழர் அமுக்கம் என்று எழுதுவர். ஒரே குழாயின் முன்னே இருவரும் அருகருகே நிற்கும்போது இருவருக்கும் ஒரே பொருள் விளங்க வேண்டாமா?

அடுக்களையிலும் இதே கேள்வி

இது வளைகுடா சென்றவர்களின் கவலை மட்டும் என்று சகோதரிகள் எண்ணிவிட வேண்டாம். நாம் ‘கேஸ்’ என்ற ஒரே சொல்லால் இரு வேறு வாயுக்களைக் குறிக்கிறோம். உருளையில் வரும் திரவப் பெட்ரோலிய வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு இலேசானது. மேலெழுந்து கூரையின் கீழ் தங்கும். இரண்டுக்கும் இயல்பில் மணமில்லை; கசிவை அறிவதற்காகவே மணப்பொருள் சேர்க்கிறார்கள். கசிந்தது எதுவாயினும் மின்விசையைத் தொடாமல், நெருப்பு மூட்டாமல், கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். ஆனால் ஆபத்து காலடியில் தேங்குகிறதா, தலைக்கு மேல் தங்குகிறதா என்பதைச் சரியான பெயரே அறிவிக்கும்.

முன்னோர் காட்டிய முன்மாதிரி

கப்பல்களில் பணியாற்றிய லஸ்கர்கள் பல மொழிக்காரர்கள். ஆங்கில அதிகாரியின் கட்டளை அவர்களுக்கு விளங்காவிட்டால் புயலில் பாய்மரம் முறியும். ஆகவே கேப்டன் தாமஸ் ரோபக் என்பவர் ஆங்கிலம்–இந்துஸ்தானிக் கப்பல் அகராதி ஒன்றை 1811இல் கல்கத்தாவில் வெளியிட்டார். பின்னர் அது திருத்தப்பெற்று, லஸ்கரி அகராதி என்ற பெயரில் 1882இல் வந்தது. அரபியும் பாரசீகமும் போர்த்துக்கீசியமும் இந்துஸ்தானியும் கலந்த கப்பல் பேச்சு அது. தூய்மை பாராட்டாமல் கப்பல்தளத்தில் எது வழங்கியதோ அதையே அவர் எழுதினார். அதனாலேயே அந்நூல் நெடுங்காலம் பயன்பட்டது.

அறிவியல் கலைச்சொல்லாக்கத்திற்கென 1961இல் மத்திய அரசு ஓர் ஆணையம் நிறுவியது. தமிழக அரசு சொற்குவை என்னும் திட்டத்தின்கீழ்ச் சொற்களைத் தொகுத்து வருகிறது. போற்றத்தக்க பணிகள் இவை. ஆயினும் தொழிற்களத்தில் நிற்பவருக்கு எழுத்துச் சொல்லோடு பேச்சுச் சொல்லும், பொருளோடு எச்சரிக்கையும் சேர்ந்து வேண்டும். சான்றாகச் சில சொற்களை இங்கே தருகிறோம்.

கசிவு: ஆங்கிலத்தில் லீக், அரபியில் தஸர்ருப், இந்தியில் ரிஸாவ்.

அழுத்தம் அல்லது அமுக்கம்: ஆங்கிலத்தில் பிரஷர், அரபியில் ளக்த், உருது, இந்தியில் தபாவ்.

அபாயம்: ஆங்கிலத்தில் டேஞ்சர், அரபியில் கதர், அதிலிருந்து பிறந்த உருது, இந்திச் சொல் கத்ரா.

அடைப்பிதழ்: ஆங்கிலத்திலும் தொழிலாளர் பேச்சிலும் வால்வு, அரபியில் ஸிமாம்.

எண்ணெய்க் கிணறு: ஆங்கிலத்தில் வெல்; அரபியில் பிஃர்.

குழாய்வழி: ஆங்கிலத்தில் பைப்லைன், அரபியில் கத்து அனாபீப்.

சுத்திகரிப்பு ஆலை: ஆங்கிலத்தில் ரிஃபைனரி, அரபியில் மிஸ்ஃபாத். தெளிவு என்னும் பொருள் தரும் இதன் வேரிலிருந்தே ‘முஸ்தபா’ என்ற திருப்பெயரும் பிறந்தது.

இத்தகைய சொற்கோவையை அகர வரிசையில் தொடங்குவதைவிட ஆபத்தின் வரிசையில் தொடங்குவது நலம். நில், ஓடு, மூடு, தொடாதே, கசிவு, நச்சு, தீ என்ற சொற்கள் முதற்பக்கத்தில் இருக்கட்டும். பம்புகளின் வகைகள் நூறாம் பக்கத்தில் வந்தாலும் குறையில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் எளிய விளக்கம் ஒன்றும், இயலுமாயின் படம் ஒன்றும், தவறாகக் கொள்ளத்தக்க பொருள் பற்றிய எச்சரிக்கையும் வேண்டும்.

நம் கடமை

இப்பணிக்கு வேண்டியவர்கள் யாவரும் இக்கரையிலேயே இருக்கிறார்கள். அரபி இலக்கணம் அறிந்த ஆலிம்கள் நம் மதரஸாக்களில் இருக்கிறார்கள். ஆனால் குழாய் இணைப்பவரின் பேச்சு அவர்களுக்குப் பழக்கமில்லை. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் வயல்களில் உழைத்துத் திரும்பிய பெரியவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேச்சுச் சொல் தெரியும், எழுத்து வடிவம் தெரியாது. பொறியியல் படித்த பிள்ளைகளுக்குக் கருவியின் இயக்கம் தெரியும், மொழி தெரியாது. துறைமுகத்தில் பணிபுரியும் பரதவ சகோதரர்களுக்குக் கடற்சொல் தெரியும். இவர்களை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தினால் ஓராண்டில் ஒரு நல்ல கையேடு உருவாகும். ஜமாஅத்துகளும் நற்பணி மன்றங்களும் அந்த மேசையை இட்டுத் தரலாம். வெளிநாடு புறப்படும் இளைஞனின் கைப்பையில் உடன்படிக்கைத் தாளோடு அக்கையேடும் இருக்கட்டும். வீட்டில் ஒரு படி இருந்தால் தாயும் மனைவியும் அவன் செய்யும் வேலை இன்னதென்று அறிந்துகொள்வார்கள்.

தாமதிக்கவும் நேரமில்லை. முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அணதாரி எது, கையேறல் எது என்று கையில் எடுத்துக் காட்டக்கூடியவர்கள் அருகிவிட்டார்கள். ஆங்கிலேயர் எழுதி வைத்ததால் சொற்கள் தாளில் தப்பின. முதற்தலைமுறையாக வளைகுடா சென்று வந்தவர்களும் முதுமை எய்திவிட்டார்கள். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கற்ற சொற்களை நாமே கேட்டு எழுதாவிட்டால் யார் எழுதப் போகிறார்கள்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் எழுத்தராகிய ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்தார்கள். அவர்களும் சில நாள்களிலேயே கற்றுத் தேர்ந்தார்கள். கடிதப் போக்குவரத்தில் பிழையும் ஐயமும் நேராதிருக்கவே அந்த ஏற்பாடு. பிறமொழி அறிவது பாதுகாப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மனிதர்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக இறைவன் சூரா ரூமில் எடுத்துக் காட்டுகிறான். சூரா ரஹ்மானில் கடல் தரும் முத்தையும் பவளத்தையும் நினைவூட்டுகிறான். முத்தை அளித்த கடலோரத்திலிருந்து அம்மொழிகளை இணைக்கும் ஒரு சொற்கோவையும் எழட்டும். அதனால் ஓர் உயிர் காக்கப்பட்டாலும் அது பெரும் நற்பேறே. வல்ல நாயன் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.